பார்வை போன கண்ணில் வலி: ஊசியா, லேசரா, கண்ணை எடுப்பதா?

பார்வை போன கண் சும்மா கிடந்தால் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. வலிக்கத் தொடங்கினால் வீடே இரண்டுபடுகிறது. மூத்த மகன் "எடுத்துவிடலாம்" என்பான். இளையவன் "பின்னால் ஓர் ஊசி போட்டால் போதுமாம்" என்பான். வலிக்கிறவரோ "சொட்டு மருந்தே போதும், என்னை எங்கேயும் இழுக்காதீர்கள்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எந்தக் கண்ணுக்கு எது என்று பார்க்காமல் பேசுவதுதான் சிக்கல்.

நான் மருத்துவன் அல்ல. காவிரிக் கடைமடைப் பகுதி அரசு மருத்துவமனைகளில் கண் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டார்ச் அடித்துப் பார்ப்பது, கண் அழுத்தம் அளப்பது, சீட்டு எழுதித் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ அனுப்புவது, அங்கே செய்துகொண்டு திரும்பியவர்களுக்கு மருந்து போடக் கற்றுக்கொடுப்பது, இதுதான் என் பிழைப்பாக இருந்தது. என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குப் பின்னால் போடும் வலி ஊசி நல்ல வழி. ஆனால் அது தவணை வாங்குகிற வழி. வயதானவருக்கு அந்தத் தவணையே போதுமானதாக இருக்கலாம். நாற்பது வயதுக்காரருக்குப் போதாது.

வலி எங்கிருந்து வருகிறது

ஒரே வலி என்று நினைக்கிறோம். உண்மையில் மூன்று வகை. அதைப் பிரிக்காமல் வைத்தியத்தை ஒப்பிட முடியாது.

முதலாவது அழுத்தத்தால் வரும் வலி. நம் பகுதியில் இதற்குப் பெரும் காரணம் கவனிக்காமல் விட்ட சர்க்கரை நோய். விழித்திரைக்கு ரத்தம் போதாமல் போகும்போது, கண்மணியைச் சுற்றியுள்ள பழுப்புத் திரையின்மேல் புதிதாக மெல்லிய ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. அவை கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் மூலையில் படர்ந்து அடைத்துவிடுகின்றன. மதகு திறந்தே இருக்க வடிவாய்க்கால் தூர்ந்துபோன வயலின் நிலைதான். அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்க வேண்டியது 40, 50 என்று ஏறும். விழித்திரையின் முக்கிய சிரை அடைபட்டவர்களுக்கும் இதே கதி வரலாம்; அது பெரும்பாலும் அடைப்பு ஏற்பட்டு மூன்று மாதங்களை ஒட்டித் தலைகாட்டும். இந்த வலி கண்ணோடு நிற்பதில்லை. புருவம், நெற்றி, பாதித் தலை, சில சமயம் மேல் பல் வரை இழுக்கும். குமட்டும், வாந்தி வரும். கண்ணுக்கும் நெற்றிக்கும் உணர்ச்சி கொண்டுசெல்வது, முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் முக்கிளை நரம்பின் ஒரே கிளை என்பதால்தான் இப்படி. தலைவலி மாத்திரையை மாதக் கணக்கில் விழுங்கிவிட்டுக் கடைசியில் கண் பிரிவுக்கு வருகிறவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். சர்க்கரைக்காரர் அப்படி மாத்திரை விழுங்கினால் சிறுநீரகமும் சேர்ந்து அடிவாங்கும்.

இரண்டாவது மேற்பரப்பில் வரும் வலி. கருவிழி நீர் கோத்து வீங்கி, அதன்மேல் சிறு கொப்புளங்கள் கட்டி உடையும். உறுத்தும், மணல் விழுந்ததுபோல் அரிக்கும், நீர் கொட்டும். காலையில் கண் திறக்கும்போதுதான் அதிகம்.

மூன்றாவது உள் அழற்சி. பழைய அடி, பழைய நோய்த்தொற்று, அடங்காத உள்வீக்கம். கண்ணுக்குள் உள்ள சிறு தசை இறுகிப் பிடித்துக்கொள்வதால் வருகிற ஆழமான நோவு இது. இமைக்கு மேலாக விரலால் தொட்டாலே துடிப்பார்கள்.

டெல்டாவில் மூன்றும் கலந்து வருவது உண்டு. அறுவடையில் நெல் சுணை கண்ணில் பட்டுச் சிறு கீறல் விழுகிறது. அதில் பூஞ்சை பிடித்துப் புண்ணாகிறது. நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று சில நாள் போகிறது. அப்புறம் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு. பூஞ்சைப் புண்ணுக்கு அதைவிடக் கெட்டது இல்லை. புண் ஆறும்போது கருவிழி வெள்ளைத் தழும்பாகி, பழுப்புத் திரை அதில் ஒட்டி, அழுத்தம் ஏறி, கண் முன்பக்கம் பிதுங்கி நிற்கும். பார்வையும் இல்லை, வலியும் விடவில்லை, பார்ப்பதற்கும் விகாரம் என்று மூன்று துன்பமும் ஒன்றாகச் சேர்ந்த கண் அது.

பார்வை உண்மையிலேயே போய்விட்டதா?

இந்தக் கேள்வியைத் தாண்டாமல் ஊசியைப் பற்றிப் பேசவே கூடாது. ஏனென்றால் பின்னால் போடும் வலி ஊசி, மிச்சமிருக்கும் பார்வையையும் அழித்துவிடக்கூடியது.

வீட்டார் "ஒன்றுமே தெரியாது" என்று அடித்துச் சொல்வார்கள். நோயாளியும் தலையாட்டுவார். சோதனை எளிது என்று தோன்றும். கவனம் தப்பினால் ஏமாற்றிவிடும். அறையை இருட்டாக்கி, நல்ல கண்ணை அவருடைய உள்ளங்கையால் மூடச் சொன்னால், விரல் இடுக்கு வழியாக வெளிச்சம் கசியும். "தெரிகிறது தம்பி" என்பார். அது நல்ல கண்ணின் பார்வை. ஆகவே பஞ்சு வைத்து மூடி, அதன்மேல் அவருடைய உள்ளங்கையை அழுத்தி வைக்க வேண்டும். பிறகு இருக்கிற விளக்குகளிலேயே வலிமையானதை எடுத்து, மேல், கீழ், மூக்குப் பக்கம், காதுப் பக்கம் என்று மாற்றி மாற்றிக் காட்டி, நடுவில் விளக்கை அணைத்தும் கேட்க வேண்டும். விளக்கு அணைந்த பிறகும் "தெரிகிறது" என்கிறவர் ஊகிக்கிறார் அல்லது ஆசைப்படுகிறார். காதுப் பக்கத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் தவறாமல் சொல்கிறவருக்கு அங்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருக்கிறது. அந்தக் கண்ணுக்கான வழி வேறு.

பார்வை திரும்பாது என்று சொல்வது இந்த மண்ணில் எளிதான காரியம் இல்லை. மராட்டிய மன்னர் துளஜாவின் மகளுக்கு மங்கிய பார்வை புன்னைநல்லூரில் திரும்பியதாகச் சொல்லும் ஊர் இது. சுந்தரர் வலக்கண் பெற்ற திருவாரூரும் பக்கத்தில்தான். கண்மலர் சாத்தி வேண்டிக்கொண்ட கிழவியிடம் "இனி இல்லை அம்மா" என்று சொல்லும்போது குரல் இறங்கத்தான் செய்யும். வேண்டுதலை யாரும் தடுக்க வேண்டியதில்லை. அதைக் காரணம் காட்டி வலியை ஆண்டுக் கணக்கில் தாங்கச் சொல்வதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இன்னொரு சோதனையும் விடக்கூடாதது. கருவிழி வெளுத்தோ, உள்ளே புரையோ ரத்தமோ நிறைந்தோ கண்ணின் பின்பகுதி தெரியாமல் இருந்தால், ஒலி அலையால் பார்க்கும் பி-ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். உள்ளே கட்டி ஒளிந்திருக்கலாம். அரிதுதான், ஆனால் கட்டி இருக்கும் கண்ணில் ஊசியால் வலியை மட்டும் அமுக்கிவிட்டு அனுப்பினால், அது சொல்லாமல் கொள்ளாமல் வளரும். குழந்தையின் கண் என்றால் இதில் பேச்சுக்கே இடமில்லை.

இரண்டு ஊசிகள், இரண்டு வேலைகள்

கிராமத்தில் "கண்ணில் ஊசி போட்டார்கள்" என்றால் எதைச் சொல்கிறார்கள் என்று நான் இரண்டு முறை கேட்பேன். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஊசிகள் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்தது என்று வருகிறவருக்கு அந்த வேறுபாடு தெரிவதில்லை.

ஒன்று, கண்ணுக்கு உள்ளே போடுவது. பெவாசிசுமாப் என்ற மருந்து. அவாஸ்டின் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்தைக் கண்ணுக்கும் பயன்படுத்தலாம் என்று 2005 வாக்கில் கண்டுகொண்டார்கள். கண்ணுக்குப் போடும் அளவு 1.25 மில்லிகிராம், ஒரு துளியளவுதான். புதிதாக முளைத்த குழாய்களைச் சில நாட்களில் வாடச் செய்துவிடும். வடியும் மூலை முழுதும் அடைபடாமல் இருந்தால் அழுத்தம் இறங்கும், வலி குறையும். இதன் பலன் சில வாரங்கள்தான். அதற்குள் விழித்திரைக்கு லேசர் செய்து, குழாய்கள் முளைக்கும் காரணத்தையே குறைக்க வேண்டும். கொஞ்சமாவது வெளிச்சம் தெரிகிற கண்ணுக்கு முதலில் எண்ண வேண்டிய ஊசி இதுதான். மூலை முழுதும் மூடிப்போன பிறகு போட்டால் குழாய் வாடும். அழுத்தம் அப்படியே நிற்கலாம்.

மற்றொன்று, கண்ணுக்குப் பின்னால் போடுவது. கீழ் இமையின் வெளிப்பக்கம், எலும்பு விளிம்பை ஒட்டி ஊசி நுழையும். கண்ணைச் சுற்றியுள்ள தசைகள் கூம்பாகக் கூடும் இடத்தில், வலியைக் கடத்தும் மெல்லிய நரம்புகள் அருகே மருந்து இறங்கும். அழுத்தத்தை இது குறைக்காது. வீக்கத்தை வற்றச் செய்யாது. பிதுங்கிய கண்ணை உள்ளே தள்ளாது. வலியைச் சொல்கிற நரம்பை முடக்கும், அவ்வளவுதான். நோய் அப்படியே இருக்க வலி மட்டும் போகிறது என்பதை மனதில் வாங்கிக்கொண்டவர்களுக்கே இந்த ஊசி ஒத்துப்போகிறது.

பின்னால் போடும் ஊசியிலும் இரண்டு மருந்துகள் பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கின்றன. பழையது தூய ஆல்கஹால். முதலில் லிக்னோகெய்ன் மரப்பு மருந்து செலுத்தி, ஊசி முனையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுச் சிரிஞ்சை மட்டும் கழற்றி, சில நிமிடம் பொறுத்து ஆல்கஹால் சிரிஞ்சை மாட்டுவார்கள். ஒரு மில்லி, மிஞ்சினால் இரண்டு. மரப்பு சரியாகப் பிடிக்கவில்லை என்றால் நெருப்பு வைத்தது போன்ற எரிச்சல் சில நிமிடங்களுக்கு இருக்கும். "ஊசி போட்டபோது உயிர் போய் வந்தது, அப்புறம் மூன்று மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்" என்று ஒரு பெரியவர் சொன்னது இந்த மருந்தின் நன்மை தீமை இரண்டையும் அடக்கிவிடுகிறது. இமை வீங்கும், கண்ணின் வெள்ளைப் பகுதி சவ்வு உப்பும், மேல் இமை சில வாரம் தொங்கும், கண் சரியாக அசையாது. பெரும்பாலும் தானாகச் சரியாகும். பலன் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை. திரும்பவும் போடலாம். ஆனால் போடப் போட உள்ளே திசு இறுகும். பிற்பாடு கண்ணை எடுக்க நேர்ந்தால் அறுவை செய்கிறவருக்கு அது தொல்லை.

இரண்டாவது மருந்து குளோர்புரோமசின். 1950-களில் மனநோய்க்கு வந்த மருந்து. மில்லிக்கு 25 மில்லிகிராம் உள்ள ஆம்பூல்; ஒன்று முதல் இரண்டு மில்லி வரை, இதுவும் மரப்பு ஊசிக்குப் பிறகுதான். இதில் எரிச்சல் குறைவு. பலனும் பொதுவாக நீளம். பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும். இமை வீக்கம், சவ்வு உப்புதல் இதிலும் வரும், ஒரு வாரம் இரண்டு வாரம் முகம் பார்க்கச் சகிக்காமல் இருக்கலாம். ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும் என்பதால் ஊசி முடிந்ததும் எழுந்து பஸ்ஸுக்கு ஓடக்கூடாது. சற்று நேரம் படுத்திருக்க வேண்டும்.

மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு, "எங்கள் அப்பாவுக்குக் கண் வலிதானே, பைத்தியத்துக்குக் கொடுக்கிற மருந்தை ஏன் எழுதியிருக்கிறார்கள்?" என்று சண்டைக்கு வந்த மகளை எனக்குத் தெரியும். கேள்வி நியாயமானது, அதை மருத்துவரே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். நரம்பு முனையில் நேரே பட்டால் அதன் கடத்தலை முடக்கும் தன்மை அந்த மருந்துக்கு இருக்கிறது. கண்ணுக்குப் பின்னால் அதைப் போடுவதற்குக் காரணம் அதுதான்.

இரண்டில் எது என்று என்னைக் கேட்டால், கிடைக்கிற இடத்தில் குளோர்புரோமசின் என்பேன். எரிச்சலும் குறைவு, தவணையும் நீளம். அது கிடைக்காத இடத்தில், கை தேர்ந்தவர் போடுகிற ஆல்கஹால் ஒன்றும் மோசமில்லை. மருந்தைவிடக் கையும் இடமும் முக்கியம். இதை வெளிநோயாளி அறை நாற்காலியில் உட்கார வைத்துப் போடக்கூடாது. அறுவை அரங்கில், ஆக்ஸிஜனும் மயக்க மருத்துவரும் இருக்கும் இடத்தில் போட வேண்டும். கண்ணைச் சுற்றி அழுத்தம் கூடும்போது இதயத் துடிப்பு திடீரென்று குறைவது உண்டு. மிக அரிதாக, மரப்பு மருந்து பார்வை நரம்பின் உறை வழியாக மூளைத் தண்டுவரை போய் மூச்சு நின்றுவிடவும் கூடும். உள்ளே ரத்தம் கசிந்து கண் வெளியே தள்ளுவதும் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர் அதை முன்பே சொல்ல வேண்டும். சொல்லத்தான் வேண்டும், தானாக நிறுத்தக்கூடாது. கண்ணுக்காக இதய மாத்திரையை நிறுத்திவிட்டு வருவதில் புத்திசாலித்தனம் இல்லை.

வலி போன பிறகு

ஊசிக்குப் பிறகு கருவிழியும் மரத்துப்போகிறது. வலி போகிற அதே வழியில்தான் உறுத்தலும் போகிறது. அதில் நெல் சுணை ஒட்டிக்கொண்டால் அவருக்குத் தெரியாது. கண் சிமிட்டுவதும் குறையும், மேற்பரப்பு காயும், ஆறாத புண் விழும். அந்தப் புண்ணும் வலிக்காது. சிவந்து, பீளை கட்டி, கருவிழியில் வெள்ளைப் பொட்டு தெரியும்போதுதான் யாராவது கவனிப்பார்கள். அதற்குள் கண் ஓட்டையாகும் நிலைக்குப் போயிருக்கலாம்.

ஆகவே, எங்கள் பக்கத்தில் ஊசி போட நாள் குறிப்பதற்கு முன் நான் கேட்பது: அறுவடை எப்போது? தை, மாசியில் சம்பா அறுப்பு. அறுவடை இயந்திரம் ஓடினால் தெருவே சுணையும் தூசியுமாக இருக்கும். களத்து வேலைக்குப் போகிறவர், நெல் தூற்றுகிறவர், அரிசி ஆலையில் நிற்கிறவர் என்றால், ஊசிக்குப் பின் பக்கமும் மூடிய கண்ணாடி கட்டாயம். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு பகலில் பல முறை, இரவில் களிம்பு. வீட்டில் ஒருவர் தினமும் ஒரு தடவை வெளிச்சத்தில் நிறுத்தி, கீழ் இமையை இழுத்து, கண் நேற்றைவிடச் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடி முன் நின்று அவரே பார்த்துக்கொள்ளலாம் என்பது ஒற்றைக் கண்ணும் மங்கிய முதியவருக்குப் பொருந்தாது. மருமகள் பார்ப்பாள் என்று மகன் சொன்னால், மருமகளையும் வரச் சொல்லி அவளிடமே நான் செய்துகாட்டுவேன்.

தனியாக இருக்கிறவர், பார்க்க ஆள் இல்லாதவர் என்றால் ஊசியின் பக்கம் தராசு அவ்வளவாகச் சாய்வதில்லை.

ஊசிக்கு முன்னும் மாற்றாகவும்

எல்லாவற்றுக்கும் முதலில் சொட்டு மருந்து. அட்ரோபின் 1 சதவீதம், கூடவே பிரெட்னிசோலோன்: அட்ரோபின் இறுகிய உள் தசையைத் தளர்த்தும், பிரெட்னிசோலோன் அழற்சியைத் தணிக்கும். மலிவானது. பலருடைய வலி இதிலேயே தாங்கும் அளவுக்கு அடங்கிவிடுகிறது. பார்வை போன கண்ணுக்கு எதற்குச் சொட்டு என்று நிறுத்திவிட்டு வலியோடு வந்தவர்களுக்கு, அதையே மறுபடி தொடங்கியதும் போதுமானதாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அழுத்தம் குறைக்க டிமோலால் கொடுத்தால் ஆஸ்துமாக்காரர் முன்பே சொல்லிவிட வேண்டும். டயமாக்ஸ் மாத்திரை அழுத்தத்தை நன்றாக இறக்கும். ஆனால் கை கால் மதமதக்கும், சிறுநீரகம் கெட்டவருக்கும் சல்ஃபா ஒவ்வாதவருக்கும் ஆகாது, மாதக் கணக்கில் விழுங்கவும் முடியாது. மருத்துவமனையில் அழுத்தம் பார்க்கும்போது விடுகிற மரப்புச் சொட்டை வீட்டுக்குக் கேட்காதீர்கள். ஒரு நிமிடத்தில் வலி மறைவதைப் பார்த்து எல்லோரும் கேட்பார்கள். தொடர்ந்து விட்டால் அது கருவிழியைக் கரைத்துவிடும்.

கொப்புள வலிக்கு முதல் வழி கண்மேல் வைக்கும் மென்மையான காண்டாக்ட் லென்ஸ். அதற்கும் அடங்காவிட்டால், கண்ணின் சொந்தச் சவ்வையே இழுத்துக் கருவிழியின்மேல் மூடித் தைக்கும் சிறு அறுவை உண்டு. பழைய முறைதான், மறக்கப்பட்டு வருகிறது. பார்வை இல்லாத கண்ணுக்கு அருமையாக வேலை செய்யும்.

அழுத்த வலிக்கு லேசர் இருக்கிறது. 810 நானோமீட்டர் டயோடு லேசரை வெள்ளைவிழியின்மேல் வைத்து, உள்ளே நீர் சுரக்கும் பகுதியைச் சுட்டுவிடுவார்கள். வடிகாலைத் தூர்வார முடியாதபோது மதகை அடைத்துவிடுவதுதான் இது. இதற்கும் பின்பக்க மரப்பு ஊசி தேவை. சிலருக்கு இரண்டாம் முறை செய்ய வேண்டிவரும். அளவு மிஞ்சினால் கண் வற்றிச் சுருங்கும். அழுத்தமே வலிக்குக் காரணம் என்று தெளிவாகத் தெரிகிற கண்ணுக்கு, கருவி இருக்கும் இடத்தில், வலி ஊசிக்கு முன் லேசரைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. வலியின் வேரைத் தொடுகிறது. கருவிழியின் உணர்ச்சியை ஊசி அளவுக்கு மழுங்கடிப்பதில்லை. கொஞ்சம் பார்வை மிச்சமுள்ள கண்ணிலும் கவனமாகச் செய்ய முடிகிறது.

கண்ணை எடுப்பது

இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவர்கள் உண்டு. "பிறந்தபோது இருந்த உறுப்போடு போக வேண்டும் ஐயா" என்று ஒரு பாட்டி சொன்னார். அதற்கு எதிர்வாதம் எதுவும் என்னிடம் இல்லை. அவருக்கு ஊசிதான் சரி, ஊசிதான் போட்டார்கள்.

ஆனால் பயந்து மறுக்கிறவர்கள் பலர் நினைத்துக்கொண்டிருப்பது வேறு, அங்கே நடப்பது வேறு. முழுக் கண்ணையும் எடுப்பது ஒரு முறை. வெள்ளைவிழியின் கூட்டையும் அதில் ஒட்டிய தசைகளையும் அப்படியே விட்டு, உள்ளிருப்பதை மட்டும் அகற்றுவது இன்னொரு முறை. இரண்டாவதில் அந்தக் கூட்டுக்குள் ஓர் உருண்டையை வைத்துத் தைக்கிறார்கள். ஆறிய பிறகு, ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்களில், மறு கண்ணின் நிறத்துக்கு ஏற்ப அக்ரிலிக்கில் செய்த செயற்கைக் கண்ணை மேலே பொருத்துகிறார்கள். தசைகள் இருப்பதால் அது ஓரளவு அசையவும் செய்யும். பிதுங்கி வெளுத்த கண்ணோடு கல்யாண வீட்டுக்கே போகாமல் இருந்த ஒரு கூலித் தொழிலாளி, செயற்கைக் கண் வைத்துக்கொண்டு முதலில் போனது போட்டோ ஸ்டூடியோவுக்கு.

கட்டி இருக்கிறது, இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் முழுக் கண்ணையும் எடுப்பதுதான் முறை. கூட்டை விடுவது அங்கே கூடாது. அடிபட்ட கண்ணில் இன்னொரு யோசனையும் சேரும். காயம்பட்ட ஒரு கண்ணின் காரணமாக மறு கண்ணிலும் அழற்சி வந்து பார்வை போவது அரிதாக உண்டு. பிரெய்ல் எழுத்து முறையைத் தந்த லூயி பிரெய்ல் மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் ஒரு கண்ணில் குத்திக்கொண்டு, இரு கண்ணையும் இழந்தது இப்படித்தான் என்று கருதப்படுகிறது. பார்வைக்கு வழியே இல்லாமல் சிதைந்த கண்ணை, காயம்பட்ட இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிடும் வழக்கம் அதனால் வந்தது. அப்படிப்பட்ட கண்ணுக்கு வலி ஊசி போட்டு நாளைக் கடத்துவது பொருந்தாது.

எடுத்த பிறகும் சிலருக்கு, இல்லாத கண் வலிப்பதுபோல் தோன்றும். உருண்டை வெளியே தள்ளுவதும் உண்டு, சர்க்கரை கட்டுப்படாதவருக்கு முக்கியமாக. இவற்றையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும். எடை போட்டாலும், வேலை செய்கிற வயதில் இருப்பவர், பிதுங்கிய கண் உள்ளவர், ஊசி போட்டும் வலி திரும்பியவர் ஆகியோருக்கு என் ஆலோசனை இதுதான்: தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள். ஊசிக்கு மேல் ஊசி போட்டு, ஒவ்வொரு முறையும் கூலியை விட்டு, மகனுக்கு லீவு போட வைத்து அலைவதைவிட அது மேல்.

எண்பதைத் தாண்டியவர், இதயம் பலவீனமானவர், மயக்க மருந்துக்கு ஏற்றவர் அல்ல என்று சொல்லப்பட்டவர், சிறுநீரகத்துக்கு வாரம் தோறும் டயாலிசிஸ் போகிறவர், கண்ணை எடுக்க மனம் ஒப்பாதவர்: இவர்களுக்குப் பின்னால் போடும் ஊசி பெரிய உபகாரம். வேதாரண்யம் பக்கத்திலிருந்து தஞ்சாவூருக்கு வந்துபோவதே ஒரு நாள் வேலை என்றால், பல மாதம் தாங்கும் மருந்தைக் கேட்டுப் போவது பயணத்தையும் குறைக்கும்.

செலவைப் பற்றி. வலி ஊசியில் மருந்தின் விலை அற்பம்; அரங்கும் ஆளும்தான் செலவு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தக் கவலை இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்று தனியார் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் தேதி குறிப்பதற்கு முன்பே கேளுங்கள். செயற்கைக் கண்ணுக்குத் தனியாகக் கேளுங்கள். அறுவைக்குக் கிடைப்பது அதற்கும் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளக்கூடாது.

எங்கே போனாலும் பழைய சீட்டுகளை எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டாம் சரபோஜி காலத்திலேயே தஞ்சாவூரில் கண் நோயாளிகளின் கண்ணைப் படமாக வரைந்து, செய்த சிகிச்சையையும் எழுதி வைத்தார்கள். சரஸ்வதி மகால் நூலகத்தில் அவை இன்றும் இருக்கின்றன. நம் வீட்டில் போன வருடத்து டிஸ்சார்ஜ் சீட்டு பரணில் கரையான் அரித்துக் கிடக்கிறது. முன்பு போட்டது ஆல்கஹாலா, குளோர்புரோமசினா, எந்த மாதம், எத்தனை நாள் வலி இல்லாமல் இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அடுத்த மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். கண்ணை எடுத்தவர் என்றால், எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டு, அந்த அறிக்கையையும் தவறாமல் வாங்கிக்கொள்ளுங்கள். தையல் பிரிக்கப் போகிற நாளில் அது வந்திருக்காது. அதற்காக இன்னொரு நடை போக வேண்டியிருக்கும்.